ஆடுவார்க்கோ, கேட்பார்க்கோ?

சென்ற ஐப்பசித் திங்களில் ஒருநாள் மாலை, நம் கல்லூரி மாணாக்கர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். அவர் பிள்ளையார்பாளையத்திலே தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்துவரும் குடும்பத்தவர். அவர் கையில் மடித்து வைத்திருந்த தாள், சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டு. கணிப்பொறியின் உள்ளே பொருத்தும் 'சவுண்ட் கார்டு' என்னும் ஒலியட்டை ஒன்றை, ஒருவர் வைத்திருந்து விற்றதை, தாம் வாங்க எண்ணியிருப்பதாகவும், அது பாட்டுக் கேட்பதற்கு ஏற்றதுதானா என்று யான் கூறவேண்டும் என்றும் கேட்டார்.

"ஐயா, அட்டையின் பெயரிலேயே 'மியூசிக்' என்று இருக்கிறது. நாகசுர இசையைத் தெளிவாகக் கேட்கலாம் என்று வீட்டில் சொன்னேன். அப்பா ஒரு சேலைக் கூலியில் பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்றார்.

ஒரு சேலைக் கூலியில் பாதி என்பதை நம் ஊரார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு முகூர்த்தச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். அதற்குள் வீட்டிலுள்ளார் அனைவருடைய கையும் அதில் பட்டிருக்கும். அத்துணை உழைப்பில் பாதியை ஒரு பெயரை நம்பிக் கொடுப்பது தகுமா என்பதே வினா. அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன விடையை ஈண்டுச் சற்றே விரித்து எழுதுகின்றேன். நம் மாணாக்கருள் இதே வினா உடையார் பலர் இருத்தல் கூடும்.

சீட்டில் எழுதியிருந்த பொருள் 'சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ்-ஃபை எக்ஸ்ட்ரீம் மியூசிக்'. சிங்கப்பூரிலுள்ள கிரியேட்டிவ் டெக்னாலஜி என்னும் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டைகளுள் அஃது ஒன்று. அக்காலத்தில் கணிப்பொறி தொடர்பான பத்திரிகை எதைப் புரட்டினாலும் அதன் விளம்பரம் கண்ணிற்படும். 5 கோடியே 10 லட்சம் டிரான்சிஸ்டர்கள் அதன் உள்ளே அடங்கியுள்ளன என்றும், சாதாரண எம்.பி.3 பாட்டையும் அது குறுந்தட்டினும் சிறப்பாக ஒலிக்கச் செய்யும் என்றும் முழங்கினார்கள். விளையாடுவார்க்கும் இதுவே, இசை கேட்பார்க்கும் இதுவே, இசை பதிவு செய்வார்க்கும் இதுவே என்பது அவர்கள் கூற்று. என் அபிப்பிராயம் வேறு. அந்த அட்டை விளையாடுவார்க்கென்றே பிறந்தது, விளையாடுவார்க்கே பயன்பட்டது. இசையின் பெயர் அதன்மேல் ஒட்டப்பட்டதே ஒழிய, அதனுள் நெய்யப்படவில்லை.

இதனைக் காண அந்நிறுவனத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். நம் தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், 1981ஆம் ஆண்டு சிம் வோங் ஹூ என்பார், கணிப்பொறி பழுதுபார்க்கும் ஒரு சிறு கடையாகவே அதனைத் தொடங்கினார். அவர் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் காலமானார். ஹார்மோனிகா வாசிப்பதில் பற்றுடைய அவர், கணிப்பொறியைப் பாடவைக்க வேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை. 1987இல் அவர் வெளியிட்ட இசைக்கருவி அட்டையின் பெயர் 'கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டம்'. இசையின் பெயரால் அது விலைபோகவில்லை. மறு ஆண்டில் அதே பொருளுக்கு 'கேம் பிளாஸ்டர்' என்று ஆட்டத்தின் பெயரிட்டு அமெரிக்கக் கடைகளில் வைத்தார்கள். அதன்பின் 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டரே உலகை வென்றது. கனடா நாட்டு ஆட்லிப் அட்டையில் இருந்த அதே யமஹா ஒலிச்சில்லு இதிலும் இருந்தது. ஆகவே ஆட்லிப்புக்கென எழுதிய ஆட்டங்கள் யாவும் இதில் ஒலித்தன. அதற்கும் மேலாக, பதிவு செய்த மனிதக் குரலையும் வெடியோசையையும் இஃது எழுப்பியது. ஆட்டக்கோலை மாட்டுவதற்கு ஒரு வாயிலும் இதிலேயே இருந்தது. ஓர் ஒலியட்டையில் ஆட்டக்கோலுக்கு இடம் ஏன் என்று வினவினால், அப்பொருள் யாரை எண்ணிச் செய்யப்பட்டது என்பது விளங்கிவிடும். இன்றுவரை நாற்பது கோடிக்கு மேற்பட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் விற்றிருப்பதாக அந்நிறுவனம் கூறுகின்றது.

நிற்க. விளையாடுவார்க்கு ஒலியட்டை எதற்கு என்று கேட்போர் உளர். அவர் ஐயத்தைத் தீர்க்க நம் ஊரைவிடச் சிறந்த இடம் இல்லை.

வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். கல்லில் மோதிய ஓசை தூண்தோறும் தங்கித் தங்கித் திரும்பி வரும். பின்னர், பாவும் பட்டுக் கட்டுகளும் குவிந்த ஒரு தறிவீட்டின் உள்ளறையில் அதே கையைத் தட்டுங்கள். ஓசை எழுந்த இடத்திலேயே மடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டாலும் எங்கு நிற்கின்றோம் என்பதைச் செவியே சொல்லும். இனி, நெசவுத் தெருவொன்றில் முற்பகலில் நடந்து செல்லுங்கள். எந்த வீட்டுத் தறி ஓடுகின்றது, எது நின்றுவிட்டது என்பதைத் தெருவிலுள்ளார் பார்க்காமலே அறிவர். வலப்புறத்துத் தறியின் ஓசை வலக்காதை முன்னும் இடக்காதைப் பின்னும் அடைகின்றது. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம், ஒரு விநாடியை ஆயிரங் கூறாக்கினால் அதில் ஒரு கூறினும் குறைவு. அந்த நுண்ணிய வேற்றுமையைக் கொண்டும், செவிமடலின் வளைவுகளில் ஒலி பட்டு மாறும் மாற்றத்தைக் கொண்டும், நம் மூளை திசையை உணர்கின்றது.

கணிப்பொறி ஆட்டத்தில் இந்த மண்டபமும் இல்லை, தெருவும் இல்லை. ஆடுபவன் எப்பக்கம் திரும்புவான், எக்கதவைத் திறப்பான் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், அவன் கேட்கவேண்டிய ஒலியைப் பதிவு செய்து வைக்கவும் இயலாது. காவலனது காலடி கற்றளத்தில் எவ்வாறு ஒலிக்கும், சுவருக்கு அப்பாலிருந்து எவ்வாறு மங்கிக் கேட்கும் என்பதை அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டே எழுப்புதல் வேண்டும். இக்கணக்கைக் கணிப்பொறியின் தலைமைச் செயலியின்மேற் சுமத்தாமல் ஒலியட்டையே செய்துகொடுக்க 1998இல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் வந்தது, அதனொடு 'ஈ.ஏ.எக்ஸ்.' என்னும் எதிரொலி முறையும் வந்தது. எக்ஸ்-ஃபை அம்முறையை அதன் உச்சிக்குக் கொண்டு சென்றது. ஒரே வேளையில் 128 ஒலிகளை வெவ்வேறு திசையிலும் தொலைவிலும் நிறுத்த அதனால் முடிந்தது. 'தீஃப்' என்னும் திருடன் ஆட்டத்தில் ஆடுபவன் இருளில் ஒளிந்து, காலடியோசையைச் செவியால் அளந்தே பிழைக்கவேண்டும். 'பேட்டில்ஃபீல்ட் 2' என்னும் போர் ஆட்டத்திலும் எக்ஸ்-ஃபைக்கென்றே தனியாக ஓர் உயர்ந்த ஒலியமைப்பு இருந்தது. இவ்வகை ஆட்டங்களில் அந்த அட்டை செய்த வேலை மெய்யான வேலை. அதற்குக் கொடுத்த பொருள் வீணன்று என்பதை மனமார ஒப்புக்கொள்கின்றேன். விளையாட்டைப் பொழுதுபோக்கென்று இகழ்ந்து, அதற்கென ஆக்கிய கருவியையும் இகழும் பெரியோர் கூட்டத்தில் யான் இல்லை.

இசை கேட்பாரது தேவையோ இதற்கு நேர்மாறானது. பாட்டு முன்னமே பாடி முடிந்துவிட்டது. பாடியவர் நின்ற கூடத்தின் எதிரொலியும், தவிலுக்கும் நாயனத்துக்கும் இடைப்பட்ட தொலைவும் பதிவின் உள்ளேயே அமைந்துள்ளன. ஒலியட்டை செய்யவேண்டுவது யாதெனின், இலக்கங்களாக எழுதியிருப்பதை மின்னலையாக மாற்றிக் கூட்டாமலும் குறைக்காமலும் வெளியே அனுப்புவதொன்றே. ஆடுவாருக்கு அட்டை ஒரு நெசவாளியாக வேண்டும். கேட்பாருக்கு அது கண்ணாடியாக வேண்டும். ஒருவனையே நெய்யவும் சொல்லி, நெய்யாதிருக்கவும் சொல்வது எங்ஙனம்?

இதை யான் ஊகித்துச் சொல்வதாக எண்ணற்க. அந்த அட்டையைச் செய்தவர்களே அதனுள் மூன்று நிலைகளை வைத்தார்கள்: ஆட்டத்துக்கு ஒன்று, பொழுதுபோக்குக்கு ஒன்று, இசையாக்கத்துக்கு ஒன்று. ஒரு நிலையில் இருக்கும்போது மற்றொன்றில் இருக்க இயலாது, மாற்றிக்கொண்டுதான் ஆகவேண்டும். எல்லார்க்கும் ஏற்றது என்று பெட்டியின்மேல் எழுதியவர்கள், உள்ளே இவர்க்கு வேறு, அவர்க்கு வேறு என்று பிரித்து வைத்துவிட்டார்கள். இசையாக்க நிலையில், பதிவிலுள்ள இலக்கங்களை ஒன்றும் மாற்றாது அப்படியே வெளியிடும் வசதி உண்டு. அவ்வாறு வைத்துக் கேட்டால் அது நல்ல அட்டையே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்பொழுது அந்த 5 கோடியே 10 லட்சம் டிரான்சிஸ்டர்களுள் பெரும்பாலானவை கைகட்டி நிற்கும். அவற்றுக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கின்றோம் என்பதை மறத்தலாகாது.

விளம்பரத்தில் மிகுதியாகக் கண்ட இலக்கம் 24 'பிட்'. குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது 1982இல். அதில் ஒரு விநாடி ஒலி 44,100 கூறாக அளக்கப்பட்டு, ஒவ்வொரு கூறும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். இதுவே 16 பிட். மிகப் பெரிய ஒலிக்கும் மிகச் சிறிய இரைச்சலுக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளியை இது தரும். 24 பிட்டில் படிகள் 1,67,77,216 ஆகும். இடைவெளி கணக்கின்படி 144 டெசிபல். கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கின்றது. ஆயினும், எக்ஸ்ட்ரீம் மியூசிக் அட்டைக்கு அதனைச் செய்தவர்களே கூறிய அளவு 109 டெசிபல். விலை மிக்க எலைட் புரோ என்பதற்கு 116. மீதிப் படிகள் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடப்பவை. நம் தெருக்களில் தறியோசையும் வண்டியோசையும் ஓய்ந்த நள்ளிரவிலுங்கூடக் குறுந்தட்டின் 96 டெசிபலை முழுதும் நுகரும் அமைதி எந்த வீட்டிலும் இராது.

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சார்ந்த மேயர், மொரான் என்னும் இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். உயர்ந்த இலக்கங்களில் பதிந்த இசையை ஒருமுறை அப்படியே கேட்பித்தும், ஒருமுறை அதனைக் குறுந்தட்டின் 16 பிட் அளவுக்கு இறக்கிக் கேட்பித்தும், எது எதுவென்று சொல்லாமல் கேட்டனர். 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசைச் சுண்டிப்போட்டுச் சொல்லியிருந்தாலும் அத்தனையே வந்திருக்கும்.

இவ்விடத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகின்றது. சேலையில் 'சில்க் மார்க்' என்னும் முத்திரைச்சீட்டு தொங்கக் கண்டிருப்பீர்கள். மத்திய பட்டு வாரியம் 2004இல் ஏற்படுத்தியது அது. நூல் தூய பட்டு என்பதற்கு அது சான்று. ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து முகூர்த்தப் பட்டெடுக்க வருவோர் பலர் அந்தச் சீட்டைக் கண்டவுடன் ஜரிகையும் வெள்ளியும் பொன்னுமாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுகின்றனர். சீட்டில் பொய் இல்லை; சீட்டு சொல்லாததை வாங்குவோர் தாமே கூட்டிப் படித்துக்கொள்கின்றனர். 24 பிட் என்னும் எழுத்தும் அவ்வாறே. படிகளின் எண்ணிக்கைக்கு அது சான்று; பாட்டின் இனிமைக்குச் சான்றன்று. வேறுபாடு என்னவென்றால், பட்டு வாரியத்தார் ஜரிகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒலியட்டை விளம்பரக்காரர் இனிமையையும் சேர்த்தே பாடினார்கள்.

பெயர் சூட்டுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2005இல் 'எக்ஸ்ட்ரீம் மியூசிக்' என்று விற்ற அட்டையின் இடத்தைப் பின்னர் 'எக்ஸ்ட்ரீம் கேமர்' என்பது பிடித்தது. உருவத்தில் சிறிது குறுகியதே தவிர, வேலையில் ஏறக்குறைய அதே அட்டை. நேற்று இசைவாணருக்கு என்றது இன்று ஆட்டக்காரருக்கு என்றாயிற்று. 'எக்ஸ்ட்ரீம் ஆடியோ' என்று மற்றொன்றும் வந்தது. அதில் எக்ஸ்-ஃபைக்கு உயிரான அந்தச் சில்லே இல்லை; முந்திய வரிசையிலுள்ள மலிவான அட்டைக்கு எக்ஸ்-ஃபை என்று பெயர் பொறித்திருந்தார்கள். செப்பு ஜரிகைக்குப் பொன் ஜரிகையின் பெயரிட்டு விற்றால் நம் ஊரார் என்ன சொல்வார்கள் என்பதை ஈண்டு எழுதுதல் பொருந்தாது.

முந்திய வரிசைகளில் இசைக்கு நேர்ந்த இடர் ஒன்றையும் கூறவேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையின் உட்செயலி விநாடிக்கு 48,000 கூறு என்னும் வீதத்தில் மட்டுமே இயங்கியது. குறுந்தட்டின் 44,100 கூறுகளை அது முதலில் 48,000 ஆக மாற்றியாக வேண்டும். அதாவது ஒவ்வொரு 147 கூறும் 160 ஆகவேண்டும். 147 இழைகளில் கட்டிய கரைப் புட்டாவை 160 இழைகளில் மாற்றிக் கட்டச் சொன்னால், தேர்ந்த கைக்காரர் தடம் தெரியாமல் கட்டுவார். அவசரக்காரர் கையில் அன்னத்தின் மூக்கு கோணிப்போகும். லைவ் அட்டையில் அது கோணியே போயிற்று. பாட்டில் இல்லாத சில்லொலிகள் நுழைந்தன. 2001இல் வந்த ஆடிஜியும் 24 பிட், 96,000 கூறு என்று பெட்டியில் பறைசாற்றிக்கொண்டு, உட்செயலியில் 48,000 வீதத்திலேயே நின்றது. எக்ஸ்-ஃபை இக்குறையை உண்மையிலேயே நீக்கியது. தன் கணக்கிடும் வலிமையின் பெரும்பகுதியை இந்த மாற்றத்தைப் பழுதின்றிச் செய்வதற்கே அது செலவிட்டது. இதனை அதன் பெருமையாகவே கொள்ளலாம். ஆனால் மாற்றாமலே விடும் எளிய கருவிக்கு இந்தப் பெருமை தேவையே இல்லை அன்றோ?

இனி, விளம்பரத்தின் மணிமுடியாக விளங்கிய 'கிரிஸ்டலைசர்' என்பதற்கு வருவோம். 16 பிட்டில் உள்ள பாட்டை 24 பிட்டாக ஆக்கி, இழந்த அழகை மீட்டுத் தரும் என்றார்கள். பதிவில் இல்லாத ஒன்றை எவ்வாறு மீட்பது? சாயம் போன சேலைக்கு மீண்டும் சாயமேற்றலாம். பழைய சாயம் எது என்பது சேலைக்குத் தெரியாது. அக்கருவி மெய்யாகச் செய்வது, தவிலில் விழும் அடிபோல் சட்டென்று எழும் ஒலிகளை இன்னும் சற்றே தூக்கிவிடுவது. கீழொலிக்கும் மேலொலிக்கும் சிறிது முறுக்கேற்றுவது. கடையில் நின்று அரை நிமிடம் கேட்பவருக்கு அது பிரமாதமாகவே இருக்கும். ஒரே பாட்டை இருமுறை இசைத்து, ஒருமுறை மட்டும் சிறிது உரக்க ஒலிக்கச் செய்தால், உரத்ததையே தரத்தில் உயர்ந்தது என்று சொல்வது மனித இயல்பு. பட்டுக் கடைக்காரர் நூறு விளக்கைப் போட்டு ஜரிகையை மின்னச் செய்வதும் இதுவே. நம் ஊர்த் தாய்மார்களோ விவரமறிந்தவர்கள். சேலையை வாசற்படிக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பின்னரே வாய் திறப்பார்கள்.

அந்த வாசற்படிச் சோதனையை யாங்களும் செய்து பார்த்தோம். என்னிடம் உள்ள கணிப்பொறியில் இவ்வாறே ஒலியை மெருகூட்டும் ஏற்பாடு ஒன்று உண்டு. அது வேறொரு பெயருடையது, பெயர் வேண்டா. அடுத்த ஞாயிறன்று மாணாக்கர் தம் தந்தையாரையும் அழைத்து வந்தார். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களின் தோடி, பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தது, என்னிடம் இருந்தது. அத்தட்டுகள் வந்த காலத்தில் பதிவுக் கருவிகளால் பிடிக்க முடிந்ததே செவி கேட்பதில் ஒரு பகுதிதான். அதில் ஊசி உராயும் இரைச்சலும் ஒன்றுகூடி வரும். மெருகு உள்ளபோது ஒன்று, இல்லாதபோது ஒன்றாக, உரப்பைச் சமன் செய்து, எது எதுவென்று சொல்லாமல் மாறி மாறி ஒலிக்கச் செய்தேன்.

மெருகேறியதைக் கேட்ட மாணாக்கர் முகம் மலர்ந்தது. தந்தையார் நாற்பது ஆண்டு தறியில் இருந்தவர். கோயில் புறப்பாட்டில் நாயனம் கேட்டு வளர்ந்தவர். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதிலே தவில் கிட்ட வந்துட்டுது, நாயனம் தள்ளிப் போயிடுச்சு. ஊசி சத்தமும் தூக்கலா இருக்குதுங்க" என்றார். மும்முறை மாற்றி மாற்றி வைத்தும் அவர் பிழையின்றிச் சொன்னார். தட்டின் கீறல் விழுந்த இடமும் சட்டென்று எழும் ஒலியே ஆதலால், தவிலைத் தூக்கும் கருவி கீறலையும் தூக்கத்தானே செய்யும்! எந்த இலக்கமும் எழுதாத ஒரு செய்தியை அவர் செவி எழுதிவிட்டது.

'இசைவாணர்க்கு ஏற்றதன்று என்றால், ஆட்டக்காரர்க்கேனும் அது நிலையாகப் பயன்பட்டதா?' என்று கேட்கலாம். அதிலும் ஒரு சோகம் உண்டு. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் விண்டோஸ் விஸ்டாவை வெளியிட்டபொழுது, ஆட்டங்கள் ஒலியட்டையின் சில்லை நேரே ஏவி வேலை வாங்கிய பழைய வழியை அடைத்துவிட்டனர். எக்ஸ்-ஃபை வெளிவந்து இரண்டாண்டும் நிரம்பவில்லை. அதற்குள் அதன் தலையாய வித்தை முடங்கிற்று. 'ஆல்கெமி' என்றொரு மாற்று வழியைக் கிரியேட்டிவ் அமைத்துக் கொடுத்ததாயினும், ஆட்டம் எழுதுவோர் தலைமைச் செயலியிலேயே ஒலிக்கணக்கைச் செய்துகொள்ளப் பழகிவிட்டனர். இன்றும் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் பெயரில் புதிய அட்டைகள் வருகின்றன. அவற்றை வாங்குவோரும் உளர். ஆனால் அட்டை இல்லாவிட்டால் ஆட்டத்துக்கு நல்லொலி இல்லை என்ற காலம் கடந்துவிட்டது. இசை கேட்பாரும் கணிப்பொறிப் பெட்டிக்கு வெளியே, யு.எஸ்.பி. கம்பியில் மாட்டும் சிறு ஒலிமாற்றிகளுக்குப் போய்விட்டனர். உள்ளே சுழலும் விசிறியும் மின்சுற்றும் எழுப்பும் இரைச்சலினின்று அவை விலகியிருப்பது ஒரு நன்மை.

ஆகவே மாணாக்கரிடம், "நாயனம் கேட்க இந்த அட்டை வேண்டா. கணிப்பொறியில் இருக்கின்ற ஒலிவாயிலே போதும். கையில் உள்ள பொருளில் ஒரு நல்ல செவிக்கருவி வாங்குங்கள். வேறுபாடு அங்கேதான் கேட்கும். கால்வாசிப் பணத்தில் அது முடியும்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். தந்தையார் வெளியே செருப்பு மாட்டச் சென்றதும், குரலைத் தாழ்த்தி, "ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகின்றேன். அட்டை கேட்டது தம்பி. எங்கள் வீட்டுக் கணிப்பொறி மாமா கொடுத்தது. அதில் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.தான் ஓடும். அதில் அவன் அந்தத் திருடன் ஆட்டம் ஆடுகின்றான். ஆட்டத்துக்கென்றால் அப்பா தரமாட்டார் என்று பாட்டின் பெயரைச் சொன்னோம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். யான் வேண்டாவென்று சொன்ன அந்த அட்டைக்கு அந்த வீட்டில் மெய்யாகவே ஒரு தக்க ஆள் இருந்திருக்கின்றான். எக்ஸ்.பி. ஓடும் பழைய பொறி, 'தீஃப்' ஆட்டம், காலடியோசைக்குக் காது தீட்டும் ஒரு சிறுவன்! எக்ஸ்-ஃபையைச் செய்தவர்கள் கனவில் கண்டவன் இவனே. விளம்பரக்காரர் பெட்டிமேல் இசையின் பெயரை எழுதியதற்கும், இவர்கள் தந்தையிடம் இசையின் பெயரைச் சொன்னதற்கும் காரணம் ஒன்றே போலும்: ஆட்டத்துக்கென்று கேட்டால் பெரியோர் மடி அவிழாது.

"அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். தம்பிக்கு அது பொருந்தும் என்று யானும் சொல்கின்றேன். ஆனால் விலை பாதிச் சேலைக்கு வேண்டா, ரிச்சி தெருவில் நின்று பேசினால் இறங்கும்" என்று அனுப்பி வைத்தேன். தைத் திங்களில் அவரைக் கல்லூரி வாயிலில் கண்டேன். தந்தையார் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் செவிக்கருவி ஒன்று வாங்கப் பணம் கொடுத்தாராம். இரவில் தறி நின்ற பின் அதை அவரே மாட்டிக்கொண்டு தோடி கேட்கின்றாராம். அட்டையைப் பற்றி, "அடுத்த சேலை இறங்கட்டும், பார்க்கலாம்" என்று தம்பியிடம் சொல்லியிருக்கின்றார்.